ஒட்டப்படாத கடிதம்



1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் நாடுகள் கூடி எழுதிய நான்காவது உடன்படிக்கையில் 25ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. யுத்தத்தால் பிரிந்துபோன குடும்பத்தார் தங்களுக்குள் சொந்தச் செய்தி அனுப்பிக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. சண்டைபிடிக்கும் தரப்புகள் கடிதத்தைக் கட்டுப்படுத்தியே தீருவோம் என்று நின்றாலும், மாதத்துக்கு ஒரு படிவம், அதில் எழுதுபவர் விரும்பிய 25 சொற்கள். அதற்குக் கீழே குறைக்கக் கூடாது.

அம்பாறைக் கரையில், வினாயகபுரத்தில் ஒரு தாயிடம் 25 சொல் கொடுத்தால் என்ன செய்வார்? மகனே என்று கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டு, தங்கச்சி பெரியபிள்ளையான செய்தியைச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நம் நாட்டில் அவ்வளவு இறுக்கம் இருக்கவில்லை. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989இல் இலங்கையில் வேலை தொடங்கியது. தடுப்பில் உள்ளவரும் வீட்டாரும் எழுதிக்கொள்ள அவர்கள் கொண்டுவந்த தாளை நம் கரையோரத்தில் பலர் கையில் பிடித்திருப்பார்கள். மேலே எழுதுபவரின் முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, விலாசம். கிடைக்க வேண்டியவரின் விபரமும் அப்படியே. மிச்ச இடம் கடிதத்துக்கு. வீட்டுச் செய்தி மட்டும்தான் எழுதலாம். எந்த முகாம், யார் பொறுப்பாளர், வெளியே என்ன நடக்கிறது என்பதெல்லாம் கூடாது. அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டுவதில்லை. தடுத்து வைத்திருப்பவர் முதலில் வாசிப்பார். அதற்குப் பிறகுதான் தாயின் கைக்கு வரும்.

பூசா தடுப்பு முகாமிலும் களுத்துறைச் சிறையிலும் இருந்த நம் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் இடையே போய்வந்தது இந்தத் தாள். விடுதலைப் புலிகள் பிடித்து வைத்திருந்த சிங்களச் சிப்பாய்களுக்கும் இதே தாள்தான். 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் ‘சாகரவர்தன’ என்ற கடற்படைக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதன் தளபதி அஜித் போயாகொட எட்டு வருடம் புலிகளின் கைதியாக இருந்து 2002இல் வீடு திரும்பினார். அவருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் நடுவே கடிதம் சுமந்தவர்களும் செஞ்சிலுவைக் குழுவினரே. தென்னிலங்கையில் ஒரு வீட்டு வாசலிலும் திருக்கோவிலில் ஒரு வீட்டு வாசலிலும் ஒரே சின்னம் பொறித்த வாகனத்தைப் பார்த்து இரண்டு தாய்மார் எழும்பி ஓடி வந்திருக்கிறார்கள். இதை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

அந்நியன் வாசிப்பான் என்று தெரிந்து எழுதும் கடிதத்தில் என்னதான் இருக்கும்? பசு கன்று போட்டது இருக்கும். சித்திரவேலாயுத சுவாமி கோயில் தீர்த்தம் முடிந்தது இருக்கும். போகம் விளைந்ததா, மழை ஏமாற்றியதா என்பது இருக்கும். ‘நாங்கள் எல்லோரும் சுகம்’ என்பது கட்டாயம் இருக்கும், வீட்டில் யாரும் சுகமில்லாத நாளிலும். வேவு பார்ப்பவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. மகனுக்கோ, கன்று போட்டது எந்தப் பசு, கடிதத்தில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்பது முழுக் கதையையும் சொல்லும். கடிதத்தின் தலையில் ஒரு வீட்டார் பிள்ளையார் சுழி போட்டார்கள், இன்னொரு வீட்டார் 786 என்று எழுதினார்கள். அதற்குக் கீழே இரண்டு வீட்டுக்காரரும் எழுதியது ஒரே விஷயத்தைத்தான்.

1990 ஓகஸ்ட் மாதத்தை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டோம். 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வீட்டு வேலைக்காகக் குவைத் போயிருந்த நம் பெண்கள் அங்கே ஒரு யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கே இன்னொரு யுத்தத்துக்குள் அகதியாக இருந்தார்கள். உம்மா உயிரோடு இருக்கிறாவா என்று பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறது என்று உம்மாவுக்கும் தெரியாது. துவக்குப் பிடித்தவரின் வீடு மட்டுமா கடிதத்துக்குக் காத்திருந்தது?

கிடைத்த கடிதங்களிலும் பல இன்று இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறைக் கரையில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல், றங்குப்பெட்டிகளையும் கொண்டுபோனது. அதற்குள் இருந்த தாள்களும் போயின.

மிஞ்சியவற்றைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். இலங்கையில் காணாமற்போனவர்கள் என்று செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவானவர்கள் 16,000 பேருக்கு மேல். அதில் 5,100க்கும் அதிகமானோர் படையினர். இவர்களைத் தேடுவதற்கென்றே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைந்தது. அங்கே ஒரு தாய், மகன் பிடிபட்டான் என்று வாயால் சொல்வது வேறு, திகதியும் கையெழுத்தும் உள்ள தாளை மேசையில் வைப்பது வேறு. ‘நான் சுகம்’ என்று அவன் எழுதிய அந்த ஒரு வரி, அந்தத் திகதியில் அவன் உயிரோடு இருந்தான், இன்னாரின் பொறுப்பில் இருந்தான் என்பதற்குச் சாட்சி. தன்னை அறியாமலே அவன் எழுதி வைத்த வாக்குமூலம் அது.

ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால், நைந்துபோகிறதே என்று லமினேட் பண்ணிவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது, பிரித்தால் எழுத்து உரிந்துவிடும். இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்து போனில் படம் எடுங்கள். முத்திரை, திகதி, ஓரத்தில் உள்ள இலக்கம் எல்லாம் தெரிய வேண்டும். படத்தை வெளியூரில் இருக்கிற பிள்ளை ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். விசாரணை என்று யார் கேட்டு வந்தாலும் போட்டோக்கொப்பியைக் கொடுங்கள். மூலத்தைக் காட்டலாம், கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.