உளவளத்துணையாளரைத் தெரிந்தெடுத்தல்

பல்நோவுக்கு வைத்தியரைத் தேடுகின்றவர் நான்கு பேரிடம் வெட்கமின்றி விசாரிப்பார். மூக்குக்கண்ணாடி வாங்கச் செல்பவரும் அவ்வாறே. மனத்துயரை ஒருவரிடம் சொல்லி ஆற விரும்புகின்றவரோ எவரிடமும் விசாரிப்பதில்லை. விசாரித்தாற் செய்தி ஊரெங்கும் பரவிவிடும் என்னும் அச்சமே காரணம். ஆகவே, மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டிய தெரிவொன்றைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுகின்றனர்.

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். வயது நாற்பத்தைந்து, ஊர் வடமராட்சி. தகப்பனார் காலமாகி ஓராண்டு ஆகின்றது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் விடியும்வரை உறக்கமில்லை. கந்தோரிற் கோவைகள் குவிகின்றன. பிள்ளைகள்மீது காரணமின்றிச் சினம் எழுகின்றது. நெஞ்சு அடைக்கின்றதென்று வைத்தியரிடம் சென்றார். வைத்தியர் இருதயத்தைச் சோதித்தார்; குருதியையும் சோதிப்பித்தார். இது முதலிற் செய்யத்தக்க காரியமே. தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் குருதிச்சோகையும் மனச்சோர்வின் வேடத்தில் வருவதுண்டு. உடலிற் குறையில்லை என்று கண்டபின், யாரிடமாவது மனம் விட்டுப் பேசுமாறு வைத்தியர் கூறினார். அந்த ‘யாரிடமாவது’ என்ற சொல்லிலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

மனநல வைத்தியர் என்பவர் மருத்துவம் கற்றுப் பின்னர் மனநோய்த் துறையிற் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. உளச்சோதனைகளையும் பேச்சுவழிச் சிகிச்சையையும் கையாளுகின்றார். உளவளத்துணையாளர் மூன்றாமவர். சீர்மியம் என்று யாழ்ப்பாணத்தில் வழங்குவதும் இவருடைய பணியையே. வைத்தியர் ஒருவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்றவரா என்று எவரும் பார்த்து அறியலாம். உளவளத்துணையாளருக்கு அத்தகைய கட்டாயமான சட்டப்பதிவு இங்கில்லை. மூன்று மாதப் பயிற்சி பெற்றவரும் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு பயின்றவரும் ஒரேவிதமான பெயர்ப்பலகையைத் தொங்கவிடலாம். எங்கே பயின்றீர், எத்தனை ஆண்டு இப்பணி செய்கின்றீர், உமது பணியை மேற்பார்வை செய்பவர் எவர் என்று கேட்பது ஆகவே அவமரியாதையாகாது. மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. நல்ல துணையாளர், தம்மிடம் வருவோரின் பெயரை மறைத்து, தம் வேலையை மூத்தவர் ஒருவரிடம் காலத்துக்குக் காலம் ஆராய்ந்துகொள்வார். இக்கேள்விக்குச் சினங்கொள்பவரிடம் இரண்டாம் முறை செல்லவேண்டியதில்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவர் மட்டும் இவ்வாறு ஆராய்ந்துகொண்டிருத்தல் ஆகாது. அவர் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசவேண்டும்.

எந்த முறையிற் சிகிச்சை செய்பவர் சிறந்தவர் என்னும் வினா படித்தவர்களை அதிகம் வருத்துகின்றது. பிராய்ட் வழியா, பெக் வழியா என்று நூல்களைப் புரட்டுகின்றனர். வேறுபட்ட முறைகள் யாவும் பொதுவான சில காரணங்களாலேயே பயன் தருகின்றன என்னும் கருத்தை அமெரிக்க உளவியலாளர் சோல் றோசன்சுவைக் 1936ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். துணையாளர் காட்டும் உண்மையும் பரிவும் நிபந்தனையற்ற மதிப்புமே மாற்றத்துக்கு அடிப்படை என்று கார்ள் றொஜர்ஸ் 1957இல் வாதிட்டார். எட்வேட் போர்டின் 1979இல் இதனை இன்னுந் தெளிவாக வகுத்தார்: எதனை அடைய முயல்கின்றோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. கடும் அச்சநோய், திரும்பத் திரும்பக் கைகழுவுதல் போன்ற சில நோய்களுக்குக் குறிப்பிட்ட முறையிற் பயிற்சி பெற்றவரையே நாடவேண்டும் என்பது மெய். துக்கத்தினாலும் குடும்பக் கவலையினாலும் வருந்துவோர் முறையின் பெயரைக் காட்டிலும் எதிரில் இருப்பவரையே நன்றாகக் கவனித்தல் தகும்.

மொழியையும் கவனித்தல் வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்திற் பேசும் துணையாளர்களைக் கண்டுபிடிப்பது எளிது. அவ்வுத்தியோகத்தரும் ஆங்கிலம் நன்கு அறிந்தவரே. ஆயினும், ‘ஒரே யோசினையாய்க் கிடக்கு’ என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது அவர் எதையும் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. கவலை அவரைத் தின்றுகொண்டிருக்கின்றது. அதனைச் சிந்தனை என்று மொழிபெயர்த்தாற் பொருள் போய்விடும். பெருமூச்சு, தலையிடி, நெஞ்சுப் பாரம் ஆகியவற்றைச் சொல்லித் துயரைச் சொல்லாமல் விடுவதும் இம்மண்ணின் வழக்கம். கந்தோர்க் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதலாம். தகப்பனாரை நினைத்து அழுவதற்கு அம்மொழி பலருக்கு உதவுவதில்லை.

தமிழ் பேசுபவரைத் தேடினால் வேறோர் இடர் வருகின்றது. ஊர் சிறிது. துணையாளர் மைத்துனரின் நண்பராகவோ மகளின் ஆசிரியையாகவோ இருந்துவிடலாம். அத்தகையவர் எவ்வளவு நல்லவராயினும் அவரைத் தவிர்ப்பதே நன்று. கலியாண வீட்டிற் பந்தியில் எதிரெதிரே இருக்க நேருமென்ற நினைவே நாவைக் கட்டிவிடும். அறிமுகமற்றவரிடமும் இரகசியம் பற்றிக் கேட்டறிதல் வேண்டும். உயிராபத்து, பிள்ளைகளுக்குக் கொடுமை, நீதிமன்றக் கட்டளை ஆகியவற்றில் இரகசியம் காக்க இயலாமற் போகலாமென்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்பவர், எதையும் எவரிடமும் சொல்லேன் என்று சத்தியம் செய்பவரினும் நம்பத்தக்கவர்.

கட்டணம், நேரம், வரமுடியாத நாளிற் செய்யவேண்டியது ஆகியவற்றையும் முன்னதாகவே பேசிக்கொள்ளவேண்டும். மாலையில் இலக்கம் எடுத்துக் காத்திருந்து சில நிமிடம் வைத்தியரைக் காண்பது மருந்துக்குப் போதியதாகலாம். பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். வாரந்தோறும் சென்றால் மாதத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டுக்கொள்வது, இடையிற் பணமின்றி நிறுத்தும் அவலத்தைத் தடுக்கும். கடன் கேட்பவர், வேறு பொருள் விற்க முனைபவர், தனிப்பட்ட உறவுக்கு அழைப்பவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகவேண்டும்.

அவ்வுத்தியோகத்தர் முதலிற் கண்டவர் பட்டங்கள் பல பெற்றவர். அரை மணி நேரத்தில் மூன்று முறை மணிக்கூட்டைப் பார்த்தார். நடந்ததை மறந்துவிட்டுக் காலையில் உலாவச் செல்லுமாறு அறிவுரை கூறினார். அறிவுரை ஊரில் இலவசமாகவே கிடைக்கின்றது, உளவளத்துணை அதுவன்று. இவர்களெல்லாரும் இப்படித்தான் என்று எண்ணி அவர் ஐந்து மாதம் வாளாவிருந்தார். ஒருவரிடம் பெற்ற ஏமாற்றம் முழுத்துறையின் மீதும் படிந்துவிடுவது மிகவும் இயல்பு. அம்மாதங்களில் அவரது உத்தியோகமே போயிருக்கலாம்.

இரண்டாமவரிடம் மனைவியின் வற்புறுத்தலாற் சென்றார். முதற் சந்திப்பில் அதிகம் பேசவில்லை. இடையில் நெடுநேரம் மௌனமாக இருந்தார்; துணையாளர் அம்மௌனத்தைப் பேச்சால் நிரப்ப முயலவில்லை. வீடு திரும்பியபோது மனம் முன்னிலும் கனத்தது. அதுகொண்டு தெரிவு பிழையென்று முடிவுகட்டுதல் கூடாது. புண்ணைக் கழுவினால் எரியும். சிறுமைப்படுத்தப்பட்டோமா, அல்லது நோவுடனேனும் விளங்கிக்கொள்ளப்பட்டோமா என்பதே கேட்கவேண்டியது. நான்கைந்து சந்திப்புகளின் பின்னரும் விளங்கிக்கொள்ளப்பட்ட உணர்வு வராவிடின், அதனைத் துணையாளரிடமே சொல்லலாம். தகுதி வாய்ந்தவர் முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரின் பெயரைத் தருவார்.

நான்காம் சந்திப்பில் அவர், தகப்பனார் காலமான இரவில் வைத்தியசாலையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைத் தாம் எடுக்காமல் விட்டதைச் சொன்னார். மனைவியும் அறியாத செய்தி அது. துணையாளர் ஆறுதல் கூற விரையவில்லை. அன்று மாலை எங்கிருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மெல்லக் கேட்டார். அன்றிரவும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் குறித்திருந்த துண்டு சட்டைப்பையில் இருந்தது.