நம்மவர் தேர்தலில் நின்றால்

பொதுத் தேர்தல் வரும்போதெல்லாம் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஒரு கேள்வி எழும். "நம்ம ஆளு யாராவது நிக்கிறாங்களா?" நாடாளுமன்றத் தேர்தல் என்றால், இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "இல்லை" என்பதுதான். மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, தங்கா பத்து, ஹங் துவா ஜெயா, கோத்தா மலாக்கா, ஜாசின் என்று நமக்கு ஆறு தொகுதிகள். 2018-லும் 2022-லும் இந்த ஆறில் வென்றவர்களுள் ஓர் இந்தியர்கூட இல்லை.

நம்மிடையே தகுதியுள்ளவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து வழக்கறிஞரானவர்களையும் மருத்துவரானவர்களையும் நீங்களே அறிவீர்கள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நாட்டில் மொத்தம் 222 நாடாளுமன்றத் தொகுதிகள். அவற்றில் இந்திய வாக்காளர் பாதிக்கு மேல் உள்ள தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு தோட்டத்து லயங்கள் முழுவதும் தமிழர்களாக இருக்கலாம். ஆனால் தொகுதி என்பது அந்தத் தோட்டத்தோடு சுற்றியுள்ள கம்பங்களையும் சீனர் புதுக்கிராமங்களையும் பட்டணத்தையும் சேர்த்தது. பிறகு ரப்பர் காடுகள் அழிந்து செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. ஒன்றாக இருந்தவர்களும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஆகவே இந்நாட்டில் ஓர் இந்திய வேட்பாளர் வெல்ல வேண்டுமானால், பிற இனத்தாரின் வாக்கு அவருக்கு விழுந்தே ஆகவேண்டும்.

அது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. 1955 ஜூலை 27-ல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அப்போது வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர் ஐந்து பேர்கூட இல்லை. குடியுரிமை இல்லாததால் நம் பாட்டன்மார் பலருக்கு அன்று வாக்கே கிடையாது. இருந்தும் கூட்டணி தன் 52 வேட்பாளர்களில் இரண்டு இடங்களை ம.இ.கா.வுக்கு ஒதுக்கியது. இரண்டிலும் வெற்றி. பேராக்கில் வென்ற வீ. தி. சம்பந்தனுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் தமிழரல்லர்.

ஆக, ஏணி உண்டு. ஆனால் அந்த ஏணியைப் பிடித்திருப்பவர் யார் என்பதுதான் விஷயம்.

சுங்கை சிப்புட் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்கள் நிறைந்த தொகுதி. 1959-ல் சம்பந்தன் அங்கே வென்றார். 1974 முதல் ச. சாமிவேலு 34 ஆண்டுகள் அதன் உறுப்பினராக இருந்தார். 2008-ல் அவரை வீழ்த்தியவர் டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ். அவர் மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். தோட்ட மக்களின் வீடு, சம்பளப் பிரச்சினைகளுக்காக அலைந்தவர். ஆனால் நின்றது மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில். 2013-லும் அப்படியே நின்று வென்றார். 2018-ல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றார். அதே மனிதர், அதே தொகுதி, பத்தாண்டு உழைப்பு. எட்டில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. வைப்புத் தொகையும் போயிற்று. வென்றவரும் ஓர் இந்தியர்தாம், மக்கள் நீதிக் கட்சியின் எஸ். கேசவன். மக்கள் நன்றி மறந்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய கூட்டணியின் சின்னம் இல்லாமல் சிறுபான்மை வேட்பாளர் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத்தான் அந்த முடிவு காட்டியது.

எனவே உண்மையான தேர்வு வாக்களிப்பு நாளன்று நடப்பதில்லை. அதற்கு வெகு முன்பே, கூட்டணித் தலைவர்கள் தொகுதிகளைப் பங்கிடும் மேசையில் நடந்துவிடுகிறது. அங்கே சிறிய பங்காளிக்குக் கிடைப்பதெல்லாம் வெல்லக்கூடிய தொகுதிகள் அல்ல. 2022-ல் ம.இ.கா. பத்துத் தொகுதிகளில் நின்றது. வென்றது தாப்பா ஒன்றில்தான். எதிரணியில் பல இனக் கட்சிகள் இருக்கின்றனவே என்பீர்கள். அங்கும் எந்தத் தொகுதிக்கு எந்த முகம் என்ற கணக்கு உண்டு.

பணத்தையும் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற வேட்பாளர் கட்டவேண்டிய வைப்புத் தொகை 10,000 வெள்ளி. 2025-ல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் இது ஏறத்தாழ ஆறு மாதச் சம்பளம். சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி. சுவரொட்டி, வண்டி வாடகை, ஆட்களின் சாப்பாடு எல்லாம் தனி. சட்டம் அனுமதிக்கும் உச்சச் செலவு நாடாளுமன்றத்துக்கு இரண்டு லட்சம் வெள்ளி. பால்மரம் சீவியவரின் பிள்ளை இதற்கு எங்கே போவார்?

நம் மாநிலத்திலேயே சற்று நம்பிக்கை தருவது காடேக் சட்டமன்றத் தொகுதி. 2018-ல் அங்கே ஜனநாயக செயல் கட்சியின் ஜி. சாமிநாதன் வென்றார், 2021 நவம்பரில் ம.இ.கா.வின் பி. சண்முகம் வென்றார். கட்சி மாறியது, தமிழர் நிற்கும் தொகுதி என்பது மாறவில்லை. தொகுதி சிறியது என்றால், வேட்பாளர் வீடு வீடாக ஏறி இறங்கலாம். மலாய்க் கம்பத்திலும் அவர் முகம் தெரியும். நாடாளுமன்றத் தொகுதியில் அது எளிதன்று.

வாக்கே இல்லாதவருக்கு வேட்பாளர் எங்கிருந்து வருவார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் 1947-ல் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. 1977-ல்தான் சௌ. தொண்டமான் மக்கள் வாக்கில் மீண்டும் உள்ளே போனார். நம் நாட்டில் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தாத்தா பாட்டிகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். இன்றும் பிறப்புப் பத்திரச் சிக்கலால் நீல அட்டை கிடைக்காத பிள்ளைகள் உண்டு.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் ஆகிறார்கள். ஆனால் அடையாள அட்டையில் எந்த முகவரி உள்ளதோ அந்தத் தொகுதியில்தான் வாக்கு.

மெர்லிமாவ் பக்கம் ஒரு தாமானில் அண்மையில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள். தோட்டமே இப்போது இல்லை. அட்டையில் மட்டும் இருக்கிறது. "அவ்வளவு தூரம் யாருய்யா போறது?" என்று இரண்டு தேர்தல்களில் அவர் வீட்டோடு இருந்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் முதலில் பதிவு இலாகாவில் அட்டையின் முகவரியை மாற்ற வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்திடம் வாக்களிக்கும் இடத்தை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் செய்யவேண்டும், பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். அம்மாளின் மகன் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு அவரை அழைத்துப்போய் முடித்துக்கொடுத்தார். யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.