போனவர் கணக்கும் இருந்தவர் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணி, "நீ ஊரிலேயே இருக்கிறவன். அதைப் பற்றி ஒரு பதினைந்து நிமிஷம் பேசுப்பா" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏனென்றால் "ஊரிலேயே இருக்கிறவன்" என்பதை நம் பக்கம் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள்: "மாப்பிள்ளை எங்கே இருக்கார்?" "காரைக்குடியில்தான்." "அது சரி, வேலை எங்கே?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போய்விடும்.

ஆனால் நானும் முழுசாக ஊரிலேயே இருந்தவன் இல்லை. 2010ல் படிப்பை முடித்து ஒரகடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். 2018ல் திரும்பினேன். ஆகவே இரண்டு பக்கத்துச் சோறும் தின்றவன் என்ற முறையில் பேசுகிறேன்.

இந்த விஷயத்தை வேறு எந்த ஊரில் பேசினாலும் "பிறந்த மண், தாய் மடி" என்று ஆரம்பித்துவிடலாம். காரைக்குடியில் அது செல்லாது. இந்த ஊரைக் கட்டியதே ஊரைவிட்டுப் போனவர்கள்தான். இங்கே நிற்கிற ஒவ்வொரு பெரிய வீட்டுத் தூணும் பர்மாத் தேக்கு. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் என்று கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து சம்பாதித்த பணம்தான் இங்கே சுண்ணாம்புச் சுவராக நிற்கிறது.

நம்மில் பலர் அந்தப் பணத்தை மட்டும் பார்க்கிறோம். அவர்கள் போன முறையைப் பார்ப்பதில்லை. கடல் தாண்டி லேவாதேவிக் கடைக்குப் போகிற ஏஜெண்டுக்குச் சம்பளச்சீட்டு என்று ஒன்று எழுதுவார்கள். தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள்; வீடு நடக்க வேண்டுமே. மூன்று வருஷம் முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஆள் ஊருக்குத் திரும்புவார். அடுத்த ஆள் போவார். போகிற அன்றைக்கே வருகிற தேதி எழுதியாகிவிட்டது.

இன்னொன்று, புள்ளி. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி அவர்களுடைய நகரக் கோயிலில் ஒரு புள்ளி. ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றில் அவர்கள் பெயர் ஏறிவிடும். ஆள் மலாயாவில் இருந்தாலும் சரி, மாத்தூரில் இருந்தாலும் சரி, புள்ளிக்கு உண்டான வரி அவர் தலையில் உண்டு, கோயில் காரியத்தில் பேச்சும் உண்டு. எங்கே இருக்கிறாய் என்ற கேள்வியே அந்த ஏட்டில் கிடையாது.

நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. என் ஐயாவின் தகப்பனார் ஒரு கடைக்குச் சமையலாளாக ரங்கூன் போனவர். 1942ல் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் வந்தார். வந்தபோது கையில் ஒரு பித்தளைக் கரண்டி இருந்ததாம். அது இன்னும் எங்கள் அப்பத்தா வீட்டில் இருக்கிறது. பணம் வைத்திருந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம், 1937 வாக்கில், செட்டியார்கள் கையில் இருந்தது. அதெல்லாம் போனது. மிச்சம் மீதி இருந்தவர்களும் 1964ல் வெளியேறும்படி ஆயிற்று. திரும்பி வர ஓர் ஊர் இருந்ததால் வந்தார்கள். ஊரைப் பார்த்துக்கொள்ள யாரோ இருந்ததால் ஊர் இருந்தது. அந்த யாரோ யார் என்றால் பெரும்பாலும் ஆச்சிமார்கள். ஆண்கள் கடல் தாண்டிப் போக, நிலம், வரவு செலவு, மாமனார் மாமியார், பிள்ளைகள் எல்லாவற்றையும் கட்டிக் காத்தவர்கள். அவர்கள் பெயரில் இந்த ஊரில் ஒரு தெருகூட என் கண்ணில் படவில்லை. சரி, அது வேறு கதை.

வள்ளல் அழகப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1909ல் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படித்தார், விமானம் ஓட்டப் படித்தார், கேரளத்தில் மில் நடத்தினார். ஊரைவிட்டுப் போனவர் என்றால் அவரைவிடப் போனவர் யார்? அவர்தான் பதினைந்து லட்சம் ரூபாயும் முந்நூறு ஏக்கர் நிலமும் கொடுத்து சிக்ரியை இங்கே வரவழைத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் காரைக்குடிக்கு வர நியாயப்படி ஒரு காரணமும் கிடையாது. இங்கே சுரங்கம் இல்லை, துறைமுகம் இல்லை, அன்றைக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொழிற்சாலை இல்லை. ஒரு மனிதர் கொடுத்தார், வந்தது. அதற்குப் பிறகு வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் விஞ்ஞானிகள் பெட்டி படுக்கையோடு இந்த ஊருக்குக் குடிவந்தார்கள்.

நான் ஊரில் இருக்க முடிகிறது என்றால் அதற்கு அது ஒரு காரணம். என் தொழில் துரு. சிரிக்காதீர்கள். இரும்பில் துரு பிடிக்காமல் பார்ப்பது. தண்ணீர்க் குழாய், தொட்டி, ஜெட்டியில் நிற்கிற தூண், உப்பளத்து இயந்திரம், இதற்கெல்லாம் மேல்பரப்பைச் சுத்தம் செய்து எபாக்ஸி பூசுவது, தேவையான இடத்தில் ஆனோடு மாட்டுவது. இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் தொண்டிக் கடல். அந்தப் பக்கம் மண்டபத்தில் சிக்ரியின் துருச் சோதனை நிலையமே இருக்கிறது. உப்புக் காற்று எங்கே பலமோ அங்கே எனக்குச் சோறு. ஒரு பூச்சு நிற்குமா நிற்காதா என்று சந்தேகம் வந்தால் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ள ஆய்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் இருக்கிற என் போட்டியாளருக்கு அது கிடையாது.

ஆனால் ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் வயிறு நிறையாது. ஷெட் போட்ட முதல் வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் துணைக் காண்டிராக்ட் எடுத்தேன். வேலையை முடித்துக் கொடுத்துப் பதினொரு மாசம் பணம் வரவில்லை. கம்ப்ரஸருக்கு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் மாசா மாசம் தவறாமல் வந்தது. அப்போது தூத்துக்குடியில் இருந்த நம் கல்லூரி சீனியர் ஒருவர், அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை, ஒரு சின்ன பர்சேஸ் ஆர்டர் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்: "தம்பி, நம்ம காலேஜ்ங்கிறதுக்காக ரேட்டையும் ஏத்தித் தர மாட்டேன், வேலையிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எஸ்.ஏ. இரண்டரை இல்லைன்னா திருப்பி அடிக்கச் சொல்வேன்." இரண்டு இடத்தில் திருப்பி அடிக்கவும் சொன்னார். பில் போட்ட இருபதாவது நாள் பணம் வந்தது. அடுத்த இரண்டு ஆர்டர்களும் அவர் சொல்லி வந்தவைதான். இன்றைக்கு என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஏழு பேர் சுற்றுப்பட்டு ஊர்ப் பையன்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊரில் இருப்பதா, போவதா என்பதை நாம் ஏதோ ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்கிற முடிவு மாதிரிப் பேசுகிறோம். போனவர் ஒருவர் அந்த ஆர்டரைத் தராமல் இருந்திருந்தால் நான் மறுபடியும் ஒரகடத்துக்கு பஸ் ஏறியிருப்பேன். போனவர்களால்தான் இருக்கிறவன் இருக்கிறான்.

மறுபக்கமும் அப்படித்தான். எங்கள் பேட்சில் ஊரில் தங்கியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவோம். ராத்திரி ஒரு மணிக்கு ஹூஸ்டனிலிருந்து போன் வரும்: "டேய், அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம், அம்மா பயப்படுறாங்க." எழுந்து போவோம். போகாமல் எப்படி இருப்பது? அவர் கையில் நாங்கள் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறோம். மதுரைக்கு ஒன்றரை மணி நேரம். முன் சீட்டில் நான், பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, ஸ்பீக்கரில் பையன். அன்றைக்கு மேலூர் தாண்டும்வரை அவன் பேசவே இல்லை, மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். நான்கு மாசம் கழித்து இன்னொரு முறை போனபோது பிழைக்கவில்லை. கொள்ளிக்கு அவன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, பந்தலுக்குச் சொல்வது எல்லாம் நாங்கள்தான். அவன் நல்ல பையன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதற்கு ஏட்டில் ஒரு பக்கம் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

என் தொழிலில் ஒரு சமாசாரம் உண்டு. மெக்கானிக்கல்காரர்களுக்கு மறந்திருக்கும். உப்புத் தண்ணீரில் இரும்பைக் காப்பாற்ற அதோடு ஒரு துத்தநாகக் கட்டியைச் சேர்த்துக் கட்டுவோம். இரும்பைவிட எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிற குணம் துத்தநாகத்துக்கு அதிகம். அதனால் அது கரையும், இரும்பு தப்பிக்கும். நம் வீடுகளிலும் இப்படி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். மூத்தவன் அமெரிக்கா, இளையவன் துத்தநாகம். அவனும் என்ஜினீயர்தான். "அம்மா அப்பாவைப் பார்த்துக்கிறான், தங்கமான பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே கரைத்துவிடுவார்கள். ஆனால் கப்பலில்கூட அந்தக் கட்டியை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். டிராக்கில் ஏற்றும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, கரைந்திருந்தால் புதுசு மாட்டுவார்கள். வருஷத்தில் மூன்று வாரம் வந்து தம்பியை எங்கேயாவது அனுப்பிவிட்டு நீங்கள் ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் அதுவே போதும்.

2020ல் ஓர் அதிசயம் நடந்தது, ஞாபகம் இருக்கும். கொரோனாவில் கம்பெனிகள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பின. வருஷத்தில் ஒரு படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்தது. மொட்டை மாடிக்கு ஒரு லேப்டாப். இனிமேல் ஊர் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினார்கள். அப்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் இருந்தது காரைக்குடி வீட்டில், ஆனால் வேலை இருந்தது பெங்களூரில். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அவர்களிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை, அவர்களுக்கும் அவரிடம் இல்லை. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனிகள் திரும்பக் கூப்பிட்டன. விடிகாலைப் பல்லவனில் பெட்டிகளோடு ஏறிப்போனார்கள், வீடுகளுக்கு மறுபடி பூட்டு. தங்கியவர்கள் யார் என்று பார்த்தால், இங்கே இருந்த நாளில் இங்கே யாருக்காவது ஒரு வேலையைச் செய்து கொடுக்க ஆரம்பித்தவர்கள்.

ஆகவே அண்ணன்மார்களே, ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு வளைவு கட்டிக் கொடுத்தீர்கள், குடிதண்ணீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தீர்கள், கல்வெட்டில் பெயரும் போட்டோம். போதும். இனி இங்கே இருக்கிறவர்களிடம் கொட்டேஷன் கேளுங்கள். வேலை சரியில்லை என்றால் தள்ளுபடி செய்யுங்கள், ஏன் தள்ளினோம் என்று எழுதிச் சொல்லுங்கள். உங்கள் கம்பெனியில் கழித்துப் போடுகிற அளவுக் கருவி ஒன்றை அனுப்புங்கள். நான் முதல் மூன்று வருஷம் மைக்ரான் அளக்கிற கருவியை மதுரையில் வாடகைக்கு எடுத்துத்தான் வேலை பார்த்தேன்.

தம்பிகளுக்கு: போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். நான் ஒரகடத்தில் கற்றுக்கொண்ட ஒழுங்கு, எதையும் எழுதி வைக்கிற பழக்கம், ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்கிற பழக்கம், இங்கே உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது. போங்கள். ஆனால் உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். மூன்றோ ஐந்தோ, ஒரு தவணை. தவணை முடிகிற அன்றைக்கு உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். இன்னொரு தவணைக்கு இருக்கிறேன் என்று முடிவு செய்தாலும் சரி, அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்கும். நாள் பாட்டுக்குப் போய் நாற்பது வயதில் "ம், எங்கே வர்றது" என்று இழுக்க வேண்டியிருக்காது.

தங்கைகளுக்கு வேறு மாதிரிச் சொல்ல வேண்டும். உங்களிடம் யாராவது ஊர்ப்பற்று பேசினால், அவருடைய மகன் எங்கே இருக்கிறான் என்று முதலில் கேளுங்கள். இந்த ஊரில் "இருப்பது" என்பதை நூறு வருஷமாகப் பெண்கள் தலையில்தான் கட்டியிருக்கிறோம். நீங்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். என் மனைவி அப்படி வந்தவர்தான். எங்கள் கணக்கு வழக்கும் டெண்டர் வேலையும் அவர் கையில். என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவார்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் அண்ணன் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஓர் அறிவிப்பு. மூன்றாம் ஆண்டு மாணவ மாணவியர் இரண்டு பேருக்கு மே மாசம் எங்கள் ஷெட்டில் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு, மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன், முகவரியைத் துறை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வரும்போது பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எபாக்ஸி பட்டால் போகாது.