யார் கணக்கில் இந்தப் புகை?

(புதுக்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'பருவநிலை மாற்றமும் நமது பொறுப்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிவதால் கரியமில வாயு வானத்தில் சேருகிறது, அது வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது, பூமியும் கடலும் சூடாகின்றன, மழை தப்புகிறது, புயல் வலுக்கிறது. விஞ்ஞானிகள் சொல்லும் இந்த விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பொறுப்பு வேண்டும் என்பதிலும் மறுப்பு இல்லை. ஆனா தலைப்புல நடுவுல ஒரு சின்ன வார்த்தை இருக்கு பாருங்க, 'நமது'ன்னு. அதுதான் உறுத்துது. இந்த 'நம்ம'ங்கிறது யாரு? ஊரும் சேரியும் சேர்ந்த 'நம்ம'வா? டீக்கடையில, கோயில்ல, சுடுகாட்டுல தேடினா கண்ணுக்குத் தட்டுப்படாத 'நம்ம', வானத்துல புகை சேர்ந்துபோச்சு, எல்லாரும் பங்கு எடுத்துக்கங்கன்னு சொல்றப்ப மட்டும் எங்கிருந்து வந்து நிக்குது?

கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு கருத்தரங்குல எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்தாங்க. உங்கள் வீட்டுக் கரியமில வாயுவை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள் என்று. வீட்டுக்குக் கொண்டுபோய் எங்க ஆத்தாவை உட்காரவச்சுக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். வருசத்துக்கு எத்தனை தடவை விமானத்துல போறீங்க? ஏ.சி. எத்தனை மணி நேரம் ஓடுது? கார் எத்தனை கிலோமீட்டர் போகுது? வெந்நீருக்குக் கரண்டா, கேஸா? எல்லாத்துக்கும் சைபர் போட்டுக்கிட்டே வந்தேன். கீழே கூட்டிப் பார்த்தா, இந்த அளவுக்குள் இருந்தால் 'வாழ்த்துகள், நீங்கள் பூமியின் நண்பர்' என்று அச்சடித்திருக்கிறது. அறுபது வருசம் அடுத்தவன் வயல்ல நாத்து நட்டு, கடலை பறிச்சு, கூலிக்கு நின்ன மனுசிக்கு வாழ்நாள்ல கிடைச்ச முதல் பாராட்டுப் பத்திரம் அதுதான். ஆத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, "இம்புட்டுக் கேக்குறாகளே, வீடு ஒழுகுதான்னு ஒரு கேள்வி இல்லையாப்பா?"ன்னுச்சு.

அப்படி ஒரு கேள்வி அந்தத் தாளில் இல்லை. இல்லாமைக்கு 'எளிமை' என்று பெயர் மாற்றிப் பாராட்டுவது இந்த நாட்டில் பழைய வித்தை. குடிசையில் இருப்பவனைப் பார்த்து எவ்வளவு இயற்கையோடு வாழ்கிறான் என்று வியப்பார்கள். வியந்துவிட்டு அவர்கள் மட்டும் மாடி வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கிராமத்தை இப்படிக் கொண்டாடியவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அண்ணல் அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். இன்றைக்கு அதே கொண்டாட்டம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் நம் பிரதமர் 'லைஃப்' என்று ஒன்றை அறிவித்தார், சுற்றுச்சூழலுக்கான வாழ்க்கைமுறை என்று அர்த்தம். 2022 அக்டோபரில் குஜராத்தில் அதைத் தொடங்கியும் வைத்தார்கள். ஒவ்வொருவரும் அன்றாடப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். சிக்னலில் நிற்கும்போது வண்டியை அணைத்து வை, துணிப்பை எடுத்துப் போ. நல்ல யோசனைதான், கார் வைத்திருப்பவனுக்கு. எங்க தெருவில் துணிப்பை, பழைய சேலையில் தைத்தது, எங்க பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது. யாரும் அதற்கு மாநாடு போட்டதில்லை.

இப்ப கொஞ்சம் கணக்குக்கு வருவோம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓர் ஆள் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு. இந்தியாவில் ஓர் ஆள் கணக்கில் சுமார் 2 டன். உலக மாநாடுகளில் இந்திய அரசு இந்தக் கணக்கைத்தான் மேசையில் வைக்கிறது. நியாயமான கணக்கு. 1991லேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் டெல்லியிலிருந்து ஒரு சிறு நூல் எழுதினார்கள். நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருகிற மீத்தேனையும், பணக்கார நாட்டுக் காரிலிருந்து வருகிற புகையையும் ஒரே தராசில் வைக்காதே, ஒன்று உயிர் பிழைப்பதற்கானது, மற்றது ஆடம்பரத்துக்கானது என்று கேட்டார்கள். மேல்நாட்டுக்காரன் வாயடைக்கிற கேள்வி.

ஆனா அதே கேள்வியை ஊருக்குள்ள திருப்பிக் கேட்டா என்ன ஆகும்? அந்த 2 டன் யாருடைய 2 டன்? மும்பையில் மாடிக்கு மேல் மாடி கட்டி வாழ்கிறவனும் அன்னவாசல் பக்கம் கல்லுடைக்கிறவனும் சேர்ந்த சராசரிதானே அது? 2007இல் கிரீன்பீஸ் இந்தியா ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்பதுதான் தலைப்பின் பொருள். அன்றைய கணக்கில் மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர், 3,000 ரூபாய்க்குக் கீழ் உள்ளவரைப் போல நாலரை மடங்கு கரியமில வாயு வெளியிடுகிறார் என்று சொன்னது. அதாவது எங்க ஆத்தா எரிக்காத கரண்டும் போகாத விமானமும்தான் இந்திய அரசுக்கு உலக அரங்கில் வாதம். எங்க பட்டினிய அடகுவச்சு அங்க பேசுறாங்க, மீட்ட காசு மட்டும் எங்க தெருவுக்கு வர்றதில்லை. அந்த அறிக்கையில்கூட வர்க்கம் இருந்தது, சாதி இல்லை. நம் நாட்டில் எந்த வேலை யாருக்கு, எந்த நிலம் யாருக்கு என்பதைப் பிறப்பு முடிவு செய்யும்போது, புகை மட்டும் சாதி பார்க்காமல் எழும்பிவிடுமா?

இன்னொரு கூத்து, மாட்டுக்கறி. மாடு மீத்தேன் விடுகிறது, ஆகவே மாட்டுக்கறி தின்னாதே என்று மேல்நாட்டில் ஒரு பிரச்சாரம். அங்கே கறிக்காகவே மந்தை மந்தையாக வளர்க்கிறார்கள், அங்கே அது பொருந்தும். இங்கே சைவச் சாப்பாட்டுக்காரர்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டார்கள். தீட்டு என்று சொன்னால் சட்டம் பாயும், பூமிக்குக் கேடு என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடு 19 கோடிக்கு மேல், எருமை சுமார் 11 கோடி. இதில் பெரும்பகுதி பாலுக்காக. தயிர், நெய், பாயசம், அபிசேகம் எல்லாம் அந்த மாட்டிலிருந்துதான். மாடு உயிரோடு இருக்கும்போதுதானய்யா அசைபோட்டு ஏப்பம் விடும்? செத்த பிறகா விடும்? பாலைக் குடிச்சவன் கணக்குல வராத மீத்தேன், கிழட்டு மாட்டைத் தின்னவன் கணக்குல மட்டும் எப்படி வரும்? 2017 மே மாதம் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, ஒரு வாரத்துக்குள் தடை விதித்தது நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான்.

சரி, புகை கணக்கு இப்படி. அடி கணக்கு எப்படி?

2018 நவம்பர் 16. கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி, நம் மாவட்டத்தின் வழியாகத்தான் மேற்கே போனது. கீரமங்கலம், கொத்தமங்கலம், ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்தது, பலா சாய்ந்தது, வாழை, முந்திரி போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற பலபேர் அப்போது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், ஞாபகம் இருக்கும்.

அரசு அறிவித்த நிவாரணத்தை நினைவுபடுத்துகிறேன். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஒரு எக்டருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். முழுசாக இடிந்த குடிசைக்கு 10,000. பாதி இடிந்ததற்கு 4,100. தென்னை வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. கடன் வாங்கி நட்டு, பிள்ளை போல வளர்த்த சிறு விவசாயி பட்ட பாட்டை நானும் பார்த்தேன். ஒரு மரம் திரும்பக் காய்க்க ஆறேழு வருசம் ஆகும், 1,100 ரூபாய் அதுக்குக் காணாது. நான் கேட்பது வேறு. அந்தத் தோப்பில் ஏறிக் காய் வெட்டினவன், உரிச்சவன், மட்டை பொறுக்கிக் கீற்று முடைஞ்ச பொம்பளை, அவங்களுக்கும் ஆறேழு வருசம் வேலை போச்சே, அது எந்தப் பாரத்துல எந்தக் கட்டத்துல இருந்துச்சு? பட்டா இருந்தாத்தான் மரத்துக்குக் காசு. குத்தகைக்காரனுக்குப் பட்டா இல்லை, கூலிக்காரனுக்கு மரமே இல்லை. இந்தியாவில் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியார் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. நிலத்தைப் பார்த்து நிவாரணம் கொடுத்தால், சாதியைப் பார்த்துக் கொடுத்ததாகத்தான் முடியும். கொடுக்கிற அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படித்தான் முடியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. புயல் அடித்த மறுநாள் காலையிலேயே சாதி எழுந்து சட்டை மாட்டிக்கொள்கிறது.

தண்ணீருக்கு வருகிறேன். வருங்காலத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், சொட்டுச் சொட்டாகச் சேமியுங்கள் என்கிறார்கள். கண்மாய்க்கு வரவேண்டிய மழைத்தண்ணியை வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக்காட்டு வரப்பு மறிக்கிறது என்று நம் மாவட்ட விவசாயிகள் எத்தனை வருசமாகப் போராடுகிறார்கள், உயர்நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். மரம் என்றாலே பசுமை என்பவர்கள் அங்கே ஒருநாள் வந்து நின்று பார்க்கணும். ஆனா அதைவிடப் பெரிய விஷயம், இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு தண்ணீர் என்று சொன்னால் வேங்கைவயலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கண்ணெதிரேயே இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிவந்தன. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி., அதே தெருவைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. மகாத் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீர் அள்ளியது 1927இல். அந்தத் தொட்டித் தண்ணியைக் குடிச்ச பிள்ளைகள்கிட்டப் போயி, வருங்காலத்துல தண்ணிக்குக் கஷ்டம் வரும்மா, சிக்கனமா இருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உங்களுக்கு வந்தா நீங்க சொல்லுங்க.

வெயில் இன்னும் மோசம், ஏன்னா அது போட்டோவுல விழாது. புயலுக்கு மந்திரி வருவார், வெயிலுக்கு யாரும் வரமாட்டாங்க. சேரி இருக்கிற இடம் தெரியும்தானே? பெரும்பாலும் பள்ளத்துல, மரமில்லாத பொட்டல்ல. கீற்றைப் பிரிச்சுட்டுச் சீட்டுப் போட்ட வீடு, இல்லைன்னா காரை பெயர்ந்த தொகுப்பு வீடு. சித்திரை மாசம் ரெண்டு மணிக்கு அதுக்குள்ள பத்து நிமிசம் உட்கார்ந்து பாருங்க. வெளியே போனா கல்குவாரி, செங்கல் சூளை, களையெடுப்பு. ஆதனக்கோட்டையில் அடுப்புப் பக்கத்தில் நின்று முந்திரி வறுக்கிற பெண்களுக்கு ஏற்கெனவே இருக்கிற அனலோடு இது கூடுதல் அனல்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் களை எடுத்த இடத்தில் மயங்கி விழுந்து, வீட்டுக்குத் தூக்கி வந்து, ராத்திரி செத்துப்போன கிழவி வெயிலால்தான் செத்தாள் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? பிரேதப் பரிசோதனை நடந்ததா? மாரடைப்பு என்று வாய்வார்த்தையில் முடிந்துபோகும். சட்டத்தில் ஏறிய சாவு, பதிவேட்டில் ஏறாத சாவு என்று இரண்டு வகை வந்துவிடும்.

நம்ம பக்கமும் ஒண்ணு பேசணும், இல்லேன்னா இது நேர்மையான பேச்சு ஆகாது. நமக்குக் காங்கிரீட் வீடு வேணும். சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக் கல்லை எரிக்கும்போதே கரியமில வாயு வரும். மின்விசிறி வேணும், பிரிட்ஜ் வேணும், பிள்ளைகளுக்கு வண்டி வேணும். நம்ம கணக்கு ஏறத்தான் செய்யும். இதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அண்ணல் கோட் போட்டது கூச்சப்படுறதுக்கு இல்லை. நம்ம பங்கு ஏறுற அளவுக்கு மேலே இருக்கிறவன் பங்கு இறங்கியாகணும், பொறுப்புன்னு நான் சொல்றது அதைத்தான். அதே சமயம் நம்மிலும் படிச்சு வேலைக்குப் போயி நகரத்துல ரெண்டு கார், மூணு ஏ.சி.ன்னு ஆனவங்க இருக்காங்க. ஏழைக்குப் பின்னால ஒளியாதேன்னு அரசைக் கேட்கிற நாம, சேரியோட சராசரிக்குப் பின்னால நாமளே ஒளிஞ்சுக்க முடியாது. கசப்பா இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகணும்.

இன்னொன்று, சுற்றுச்சூழல் நம்ம பிரச்சினை இல்லை, அது வசதியானவங்க பொழுதுபோக்கு என்று நம் தோழர்கள் சிலர் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கிய இடத்தில் யார் போய் உட்கார்கிறார்கள் என்று பாருங்கள். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பனுக்கு எதிராக இந்த மாவட்டமே எழுந்தது. மண்ணைக் காப்போம் என்ற முழக்கம் சரியான முழக்கம். மண் யார் பேரில் இருக்கிறது என்று அந்தப் பந்தலுக்குள்ளேயே நின்று கேட்க ஆள் வேண்டும். வெளியே நின்றால் கேட்க முடியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வருகிற பங்குனி, சித்திரை இரண்டு மாதம், ஆளுக்கு ஒரு தெரு. ஒரு வெப்பமானி போதும், விலை அதிகமில்லை. மத்தியானம் ரெண்டு மணிக்குச் சீட்டு வீட்டுக்குள் எவ்வளவு, ஊர்த்தெருவில் வேப்பமர நிழலில் எவ்வளவு என்று தேதி போட்டு எழுதணும். வெயில் தாங்காமல் விடுபட்ட கூலி நாள் எத்தனை என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதணும். அந்த மாதங்களில் சாவு விழுந்தால் என்ன வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று எழுதணும். மரத்துக்கு விலை இருப்பதுபோல விடுபட்ட கூலி நாளுக்கும் நிவாரணத்தில் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டு ஆட்சியரிடம் போகும்போது இந்த நோட்டுதான் கையில் இருக்கணும். அன்னவாசல், கந்தர்வகோட்டை, அறந்தாங்கி பக்கத்துத் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள். வெப்பமானி பத்து வாங்கி வச்சிருக்கோம், மிச்சத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக்கலாம்.