நலிந்த உடலும் சொக்சோ உதவியும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



சொக்சோ என்றதும், மரத்திலிருந்து விழுந்தவர்க்கும் லாரியில் அடிபட்டவர்க்கும் பணம் கொடுக்கும் அலுவலகம் என்று எண்ணுவோரே நம்மில் பலர். அந்த எண்ணம் பாதி உண்மை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971இல் அமைந்த அந்நிறுவனத்தில் நமக்கு இரண்டு காப்புகள் உள்ளன. வேலையால் ஏற்படும் விபத்துக்கும் தொழில் நோய்க்கும் ஒன்று. எந்தக் காரணத்தால் வந்த நோயாயினும், அது தீராமல் நம்மை உழைக்க இயலாதவராக்கினால் கைகொடுப்பது மற்றொன்று. அந்த இரண்டாவது காப்பைப் பற்றியே இன்று மிகுதியாகப் பேச வந்துள்ளோம். தோட்டங்களில் கேட்பாரற்றுக் கிடப்பது அதுதான்.

நானூறு ஐந்நூறு மரமுள்ள வெட்டுக்காட்டை இருபது ஆண்டுகளாக வெட்டி வந்த ஒருவருக்கு இனிப்புநீர் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாதம் மரத்துப் போகிறது. முள் தைத்தது தெரியவில்லை, புண் ஆறவில்லை, மருத்துவமனையில் ஒரு விரலை எடுத்துவிடுகிறார்கள். இருட்டில் மேட்டிலும் சரிவிலும் ஏறி இறங்க முடியவில்லை. கண் பார்வையும் மங்குகிறது. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படுகிறது. மண்டோர் முணுமுணுக்கிறார். இந்த நிலையில் அவர் என்ன செய்கிறார்? கிராணியாரிடம் போய்ப் பாதி வெட்டு கேட்கிறார். வாரத்தில் மூன்று நாள் வருகிறார். பிறகு இரண்டு நாள். ஒருநாள் வராமலே நின்றுவிடுகிறார். யாரும் அவரை நீக்கவில்லை; அவரும் எழுதிக் கொடுத்து விலகவில்லை.

இப்படிப் படிப்படியாக நின்று போகிறவர்களே உரிமையையும் படிப்படியாக இழக்கிறவர்கள். எப்படி என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

பாதி வெட்டு வெட்டத் தொடங்கியதும், குடும்பத்தினர் ஓர் ஏற்பாடு செய்துகொள்வதுண்டு. மனைவி வெட்டும் பாலோடு கணவரின் பாலையும் ஊற்றி, எல்லாவற்றையும் மனைவியின் பெயரிலேயே நிறுத்துவிடுவார்கள். சில வீடுகளில் மகன் பெயரில் நிறுப்பார்கள். செக்ரோலில் ஒரு பெயர் குறைந்தால் கிராணியாருக்கும் வேலை குறைவு. சம்பளம் எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்பது அவர்கள் கணக்கு. அடுப்புக்கு அந்தக் கணக்கு போதும். சொக்சோவுக்குப் போதாது. பெயர் செக்ரோலில் இல்லாத மாதத்தில் அவர் பெயரில் சந்தா இல்லை. அன்று காட்டில் அவரைப் பாம்பு தீண்டினால், அவர் அங்கு வேலை செய்தார் என்பதற்கே சான்று இல்லை!

ஆகவே முதற்செய்தி இது: பாதி நாள் வேலையாயினும், வாரத்தில் இரண்டு நாள் வேலையாயினும், அது உங்கள் பெயரிலேயே பதிவாகவேண்டும். பகுதி நேரத் தொழிலாளி என்பதால் சொக்சோ சந்தா இல்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. நோயின் பொருட்டு இயலாமல் போவோர்க்கான இத்திட்டத்திற்குத் தொழிலாளி தருவது ஊதியத்தில் நூற்றுக்கு அரை வெள்ளி. முதலாளி தருவதும் அதே அளவு. 800 வெள்ளி சம்பாதிப்பவருக்கு மாதம் ஏறக்குறைய 4 வெள்ளிதான் பிடிப்பார்கள். பகுதி நேரத் தொழிலாளர்க்கென்று 2010ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பும் உண்டு. இரப்பர் குறைந்து செம்பனை பெருகி, வேலை குத்தகையாளர் கைக்குப் போய்விட்ட இடங்களில் இதைக் கேட்டுப் பெறுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். எளிதன்று என்பதற்காகக் கேட்காமல் இருக்கலாகாது. சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் தெரிகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இனி, ஏன் காலம் கடத்தக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. பள்ளிக் கணக்கைப் போல் இருக்கிறதே என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள். இதில் இருப்பது ஒரு குடும்பத்தின் மாத வருமானம்.

இயலாமை ஓய்வூதியம் பெற, மனுவைக் கொடுக்கும் மாதத்திற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதங்களாவது சந்தா கட்டப்பட்டிருக்கவேண்டும். அது இல்லையெனில், முதன்முதல் சொக்சோவில் சேர்ந்த நாள் தொடங்கி மனு கொடுக்கும் வரையுள்ள மாதங்களில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமல் கட்டியிருக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் குறைந்த விகிதத்தில் கிடைக்கும். இவ்விரண்டிலும் மொத்தம் 24 மாதச் சந்தாவேனும் இருக்கவேண்டும். இடைவிடாது உழைத்த ஆண்களுக்கு இரண்டாம் வழி பெரும்பாலும் துணை நிற்கும். பிள்ளை வளர்ப்பதற்காக இடையில் பல ஆண்டுகள் நின்றுவிட்ட தாய்மார்களுக்கு முதல் வழியே கதி.

அப்படிப்பட்ட ஒரு தாயின் கணக்கைப் போடுவோம். 1996 சனவரியிலிருந்து 2000 திசம்பர் வரை வேலை செய்தார்: 60 மாதம். பிறகு வீட்டில் இருந்தார். 2019 சனவரியில் மீண்டும் வந்து 2022 திசம்பர் வரை வெட்டினார்: 48 மாதம். மூட்டும் சிறுநீரகமும் கெட்டு அத்துடன் நின்றார். 2023 சூனில் மனுக் கொடுத்திருந்தால், முந்திய 40 மாதங்களில் 35 மாதச் சந்தா உள்ளது. சந்தாவைப் பொறுத்தமட்டில் முழுத் தகுதி. அதே தாய், "பார்ப்போம், உடம்பு தேறட்டும்" என்று பொறுத்திருந்து 2025 திசம்பரில் மனுக் கொடுத்தால், முந்திய 40 மாதங்களில் இருப்பது 5 மாதம் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு வழியில் பார்த்தாலும், மொத்தம் 359 மாதங்களுக்குக் குறைந்தது 120 மாதச் சந்தா வேண்டும். அவரிடம் உள்ளது 108. நோய் முன்பைவிட முற்றியிருக்கும். ஆயினும் மாதந்தோறும் வரவேண்டிய ஓய்வூதியம் போய், ஒருமுறை மட்டும் கொடுக்கப்படும் உதவித் தொகையோடு முடிந்துவிடும். அந்த ஓய்வூதியம் அவர் காலத்துக்குப் பின் தகுதியுள்ள குடும்பத்தாருக்குத் தொடரக்கூடியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

"இன்னும் கொஞ்சம் வேலை செய்கிறேனே, எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டம் பார்ப்பது இதைத்தான்: உங்கள் நோய் நிலையானது, தீர வாய்ப்பில்லாதது என்று மருத்துவர் கருதவேண்டும், அந்நோயால், உடல்நலமுள்ள உங்களைப் போன்ற தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கையேனும் ஈட்டும் வேலையைச் செய்ய நீங்கள் இயலாதவராகியிருக்கவேண்டும். எனவே பாதி வெட்டு வெட்டிப் பாதிச் சம்பளம் வாங்குகிறவருக்கு இயலாமை ஓய்வூதியம் கிடைப்பது அரிது. அதற்காக அவர் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. அவர் செய்யவேண்டியது, மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து வைப்பது, சந்தாவை அறுபடாமல் காப்பது, இயலாமை முற்றியதும் தாமதமின்றி மனுக் கொடுப்பது. 60 வயது நிறையும் முன் அது நடக்கவேண்டும். ஓய்வூதியம் கிடைத்த பின் ஏதேனும் வேலைக்குச் சென்றால் அதைச் சொக்சோவிடம் சொல்லிவிடவேண்டும். மறைத்துப் பெற்ற பணத்தைத் திரும்பக் கட்ட நேரிடும்.

விபத்தின் நிலை வேறு. சரிவில் வழுக்கி முதுகெலும்பு பிசகினாலும், வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தாலும், அது முதற்காப்பைச் சேர்ந்தது. அதற்கு 24 மாதம், 40 மாதம் என்ற கணக்கெல்லாம் இல்லை. விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். நிலையான ஊனம் என்று மதிப்பிடப்பட்டால் அதற்குரிய ஈட்டுத் தொகையும் உண்டு. அதைப் பெற்றுக்கொண்டே இயன்ற வேலையைச் செய்து சம்பளமும் வாங்கலாம். தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு வந்துவிடும் நம் பழக்கத்தை என்னென்று சொல்வது! ஐந்து ஆண்டு கழித்து முதுகு மடங்கும்போது, அது அன்று விழுந்ததால் வந்தது என்பதற்கு ஏட்டில் ஒரு வரியும் இராது.

மனுக் கொடுக்கும் முறையில் அச்சப்பட ஒன்றுமில்லை. நோயால் வரும் ஓய்வூதியத்தை மலாயில் "பென்சென் ஈலாட்" என்பார்கள். அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே பாரம் கேளுங்கள். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரின் அறிக்கை வேண்டும். ஆகவே ஒரே மருத்துவமனையில் தொடர்ந்து வைத்தியம் பார்ப்பது பெரிய உதவி. அடுத்த சந்திப்புத் தேதி எழுதிய சிறு புத்தகத்தைப் பிள்ளைகள் கிழித்துவிடாமல் வைத்திருங்கள். பின்னர் மருத்துவர் குழு உங்களை அழைத்துப் பார்க்கும். அங்கே சிலர் வெட்கப்பட்டு, "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்களைக் கண்டால் குறை சொல்லக்கூடாது என்பது நம் வளர்ப்பு. அந்த அறையில் அந்த மரியாதை வேண்டாம். எத்தனை படி ஏற முடிகிறது, வாளியைத் தூக்க முடிகிறதா, இரவில் எத்தனை முறை வலியால் விழிக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்லவேண்டாம், குறைத்தும் சொல்லவேண்டாம். குழுவின் முடிவு நிறைவளிக்கவில்லையானால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்கு மனுச் செய்யலாம்.

பாரம் நிரப்பித் தருகிறேன், வரும் பணத்தில் பங்கு கொடு என்று காப்பிக் கடைகளில் காத்திருப்போர் உண்டு. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எழுதத் தெரியாதவர்க்குச் சங்கத் தலைவரோ, பள்ளி ஆசிரியரோ, படித்த பிள்ளையோ எழுதித் தரலாம்.

மனு ஏற்கப்படும் முன்பே வேறு சில உதவிகளும் உள. 2007இல் தொடங்கிய மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டத்தின்கீழ், உடலுக்கேற்ற பயிற்சியும் பொருத்தமான வேலைக்கு மாறுவதற்கான துணையும் சொக்சோ அளிக்கிறது. மலாக்காவில் 2014இல் திறந்த மறுவாழ்வு மையம் இதற்கென்றே உள்ளது. தகுதி உடையோர்க்குச் சிறுநீரகச் சுத்திகரிப்புச் செலவையும் சொக்சோ ஏற்கிறது. கால் இழந்தவர், பார்வை குன்றியவர் சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்துகொண்டால், வேலையில் இருந்து குறைந்த சம்பளம் பெறுவோர்க்கென உள்ள மாத அலவன்சுக்கு மனுச் செய்யலாம். வேலை செய்கிறவர்க்கே உரியது அது. ஆகையால் வேலையை மறைக்கவேண்டிய தேவையே இல்லை. வருமான வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால் அதை இலாகாவிலேயே கேட்டறியுங்கள். ஊழியர் சேமநிதி உங்கள் சொந்தச் சேமிப்பு. அதை எடுத்தீர்கள் என்பதற்காகச் சொக்சோ ஓய்வூதியம் மறுக்கப்படாது.

மனுவைக் கொடுத்ததும் முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். நாம் மேலே போட்ட கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது.

இப்போது கேள்விகளுக்கு நேரம். சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் கையோடு கொண்டு வந்திருப்போர் முன்வரிசைக்கு வாருங்கள். எத்தனை மாதம் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொருவர்க்கும் எண்ணிப் பார்த்துவிடுவோம்.