தெரு யாருக்கு?



பாலக்காட்டில் ரயில் ஏறினால் கோழிக்கோடு போகலாம். அங்கே மிட்டாய்த் தெரு இருக்கிறது. அல்வாவுக்குப் பேர்போன பழைய கடைவீதி.

2007-இல் அங்கே பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. 8 பேர் இறந்தார்கள். 2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ!

பிறகு தெருவைச் சீரமைத்தார்கள். தரையில் கல் பதித்தார்கள். மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோனார்கள். தீயணைக்கத் தண்ணீர்க் குழாய் வைத்தார்கள். அந்த டிசம்பரில் தெரு திறந்தது. பகலில் வண்டிகளுக்குத் தடை.

வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே என்று கடைக்காரர்கள் பயந்தார்கள், எதிர்த்தார்கள். ஆனால் மக்கள் நடந்தே வந்தார்கள். குழந்தைகளோடு பயமில்லாமல் வந்தார்கள்.

பொருள் வாங்குவது வண்டி அல்ல, மனிதர்.

உங்கள் கடைவீதியில் நடக்க வழி உண்டா? தீப்பிடித்தால் தண்ணீர் உண்டா? கிராம சபையில் கேளுங்கள்!