இரண்டு அடையாளம் கேட்கும் இழை



கல்யாண மண்டபத்தில் முன்பின் பார்த்திராத ஒருவரைத் தேடிப் போகிறீர்கள். ‘பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருப்பார்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பத்துப் பேர் தென்படுவார்கள். ‘கண்ணாடியும் போட்டிருப்பார்’ என்று கூடச் சொல்லியிருந்தால் நேரே அவரிடம் போய் நிற்கலாம்.

ரத்தத்திலும் இதே சிக்கல்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள் இருக்கும். அவற்றில் பி செல், டி செல் இரண்டும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி உருண்டைகள். மேலே ஒட்டியிருக்கும் புரதங்களைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். சி.டி.45 என்ற புரதம் ஏறக்குறைய எல்லா வெள்ளணுக்களிலும் உண்டு. சி.டி.20 பி செல்லின் அடையாளம்.

நியூயார்க்கில் மிலான் ஸ்டோயனோவிச், மரியா ருட்சென்கோ குழுவினர் இந்த விசாரணையை டி.என்.ஏ. இழைகளிடமே ஒப்படைத்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வு அது. பரம்பரைச் செய்தி எதையும் அந்த இழைகள் சுமக்கவில்லை. டி.என்.ஏ.வின் எழுத்துகளில் அடினின் தைமினோடுதான் சேரும், குவானின் சைட்டோசினோடுதான் சேரும் என்ற பிடிவாதமே அங்கே தேவைப்பட்டது.

சி.டி.45-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தில் ஒரு ஜோடி இழை. சி.டி.20-ஐப் பிடிப்பதில் வேறொரு ஜோடி. இரண்டையும் ரத்த அணுக்களோடு கலந்துவிட்டு, தொடக்க இழை ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது முதல் ஜோடியில் ஒன்றோடு இன்னும் நன்றாகப் பொருந்துவதால் அதைப் பிரித்துக்கொண்டு போய்விடும். தனித்து நிற்கும் மற்றது, பக்கத்தில் இரண்டாம் ஜோடி இருந்தால் அதைப் பிரிக்கும். அங்கே தனித்த இழையில் ஒளிரும் சாயம் ஏற்றிய கடைசி இழை வந்து ஒட்டும். செல் ஒளிரும். இரண்டு புரதமும் ஒரே செல்லில் இல்லையென்றால் சங்கிலி பாதியில் நின்றுவிடும். கணினியின் ‘இதுவும் அதுவும்’ என்ற தர்க்கத்தை ஒரு செல்லின் மேற்பரப்பிலேயே நடத்திக்காட்டிவிட்டார்கள். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

ரத்தத்தில் டி.என்.ஏ.வை அறுக்கும் நொதிகள் உண்டு. எனவே, சோதனைக் குழாயில் நடந்ததை உடலுக்குள் நடத்துவது எளிதல்ல. ஆனாலும் இந்த வழியில் போகத்தான் வேண்டும்; மருந்துக்கும் ஒற்றை அடையாளம் போதவில்லை. நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிடுக்சிமாப் மருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அது பார்ப்பது சி.டி.20 என்ற ஒரே அடையாளத்தை. அதனால் நோயுற்ற பி செல்லோடு நல்ல பி செல்லும் அழிகிறது. அவை மீண்டும் உருவாக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சாதாரணத் தொற்றுக்குக்கூட அந்த நோயாளி அஞ்சியே இருக்க வேண்டியிருக்கிறது.